மூட்டின் ஓசை

கவளத்தை மெல்லும்போதெல்லாம் என் மகளின் காதருகே 'டக்'கென்று ஓர் ஓசை எழும். எதிரே அமர்ந்துண்ணும் எனக்கே அது கேட்கும். கீழ்த்தாடை உள்ளடங்கி வளர்ந்தமையால் அவளுடைய முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. கல்லூரிப் பருவத்தில் வலியும் வந்து சேர்ந்தது. கொட்டாவி விடவும் அஞ்சினாள்.

தாடையை அறுத்துச் சீராக்கினால் ஓசையும் வலியும் ஒருங்கே ஒழியுமென நம்பிச் சென்றோம். மருத்துவரோ, "பற்களைப் பொருத்தித் தருவது என் பொறுப்பு, மூட்டுவலிக்கு நான் வாக்களிக்க மாட்டேன்" என்றார். பலருக்கு வலி குறைகிறதாம். சிலருக்கு அப்படியே நிற்கிறதாம். வலியே அறியாத சிலருக்குப் புதிதாய்த் தோன்றுவதும் உண்டாம். அரிதாக, மூட்டின் எலும்புக் குமிழே கரைந்து சிறுத்து, முன்நகர்த்திய தாடை மீண்டும் பின்னடைவதும் உண்டு. இளம்பெண்களிடமே அது மிகுதி என்றதும் என் நெஞ்சு துணுக்குற்றது.

குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெல்லிய தட்டொன்று இருக்கிறது. இடம் நழுவிய அத்தட்டு, வாய் திறக்கையில் மீண்டும் குமிழின்மேல் ஏறுவதே அந்த ஓசை. அறுவையோ அந்தத் தட்டைத் தொடுவதில்லை. ட்ரௌனரும் ஓப்வெகெசரும் 1957இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் பலரால் திருத்தப்பெற்ற முறைப்படி, வாயினுள்ளிருந்தே தாடையை இருபுறமும் நெடுக்கில் பிளந்து நகர்த்துகிறார்கள். இன்று டைட்டேனியத் தகடுகளால் திருகிப் பிணைக்கிறார்கள். அவ்வேளையில் குமிழ் குழியில் சற்றுப் பிசகி அமர்ந்தாலும் அச்சுமையைத் தாங்க வேண்டியது மூட்டுதான்.

'வேண்டாம்' என்றேன். "வலி போகாவிட்டால் போகட்டும், வாப்பா. முன்பல்லால் ஒரு முறுக்கைக் கடிக்கவாவது முடியுமே" என்றாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

முதலில் ஒன்றரை ஆண்டுகள் பல்லில் கம்பி. அறுவைக்கு ஆயத்தமாகப் பற்களை நேர்நிறுத்தும்போது முன்பற்களின் இடைவெளி இன்னும் கூடியது கண்டு அவள் தாயார் கலங்கிப்போனார். அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் கஞ்சியும் சாறும்தாம். தாடைக்குள் ஓடும் நரம்பு அதிர்ந்ததால் கீழுதடு மரத்துக்கிடந்தது. கஞ்சி வழிவதையும் அறியாமல் அவள் அமர்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் தாளவில்லை. உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது ஓரத்தில் மட்டும் இன்னும் சிறிது மரப்பு உண்டு.

ஓராண்டு சென்றது. காலையில் எழும்போது இருந்த வலி அவளுக்கு இப்போது இல்லை. அண்மையில் முறுக்கை முன்பல்லால் கடித்தாள். இடப்புறம் 'டக்'கென்றது. இருவர் காதிலும் விழுந்தது. அவள் அடுத்த முறுக்கை எடுத்தாள்.