சக்கரம் கழற்றிய படலம்

இராமாயணத்தில் எத்தனையோ படலங்கள் உண்டு. சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தேறியது சக்கரம் கழற்றிய படலம்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அப்பத்தாவுக்குப் புதுக்கோட்டையில் கண்புரை அறுவை. பேருந்தில் ஏற்றி இறக்க அவர்கள் உடம்பு தாங்காது. அப்பா சிங்கப்பூரில். அம்மாதான் கார் ஓட்டுவார்கள். ஆறரை மணிக்கு வந்து பார்த்தால், எங்கள் பழைய மாருதி 800 இடப்பக்க முன் சக்கரத்தில் காற்றின்றிப் படுத்திருக்கிறது!

அம்மாவுக்கு முழங்கால் வலி, குந்த முடியாது. "நீதான் கழட்டணும்" என்றார்கள். இயற்பியல் மாணவிக்கு நெம்புகோல் தெரியாதா என்ற மிதப்பில், கை பிரேக்கைப் போட்டுவிட்டு ஜாக்கியை வைத்து ஏற்றினேன். ஸ்பேனரை மாட்டித் திருகினால் நட்டு அசையவில்லை, சக்கரமே சுற்றியது. கை பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதற்குள் இரவு மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி புதைந்து வண்டி சாய்ந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். திண்ணையிலிருந்து அப்பத்தா, "என் கண்ணு கெடக்கு, நீ எந்திரிச்சு வாத்தா" என்றார்கள்.

வரவில்லை. இப்போது அம்மா பேச ஆரம்பித்தார்கள். 1991-இல் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்ததே, அப்போது பாவாடை தாவணியில் கற்றுக்கொண்டவர்களுள் அவர்களும் ஒருவர். (ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார்.) "சைக்கிள் வீலைக் கழட்டி மாட்டுன கைடி இது. சொல்றதைச் செய்."

வண்டியை இறக்கினேன். முதல் கியரில் விட்டு, வலப்பக்கப் பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செம்புறாங்கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் நெகிழ்த்த வேண்டுமாம். ஒன்று மட்டும் மசியவில்லை. ஸ்பேனர் மீது ஏறி நின்றேன், கிறீச்சென்று இளகியது. பிறகு ஜாக்கியின் அடியில் பலகை. ஏற்றிக் கழற்றினேன்.

அடுத்து ஸ்டெப்னி. இந்தச் சொல் வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் அங்கே இரு சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அதற்கு முன் சக்கரம் ஓட்டையானால் சாலையோரத்தில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான்!

நட்டின் கூம்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி நான்கையும் விரலால் முடுக்கினேன். வரிசையாக இறுக்கப்போனவளை அம்மா தடுத்தார்கள். ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதைத்தான். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். வண்டியை இறக்கி, முழுப் பலத்தோடு ஒரு சுற்று.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டியதும் அம்மா வண்டியை ஓரங்கட்டி, ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்கள். மூன்று நட்டுகள் அசையவில்லை. நான்காவது கால் சுற்று சுற்றியது.