நாலு செடிக்கு அனுமதி

சொந்த ஊர் கம்பம் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். திராட்சையை நினைத்து வரும் சிரிப்பு அல்ல அது. வருசநாட்டு மலையிலும் மேகமலைச் சரிவிலும் ஒரு காலத்தில் ஒளிந்து விளைந்த பயிர் எங்கள் பள்ளத்தாக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் படித்து, துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல், வாழை, திராட்சை, கொத்தமல்லி என்று எதெதற்கோ பரிந்துரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு செடியை மட்டும் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. அது வாய்த்தது 2024 அக்டோபரில், கனடாவில், ஸ்கார்பரோவில், ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் வீட்டின் அடித்தளத்தில்.

தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். டொரன்டோவில் எந்தத் தெருவில் நடந்தாலும், பேருந்து நிறுத்தத்திலோ பூங்கா ஓரத்திலோ அந்த வாடை குப்பென்று வந்து போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைகளும் ஏராளம். கண்ணாடியில் பால்நிறத் தாள் ஒட்டி, உள்ளே இருப்பது தெருவில் போகிற பிள்ளைகள் கண்ணில் படாதபடி மூடி வைத்திருந்தார்கள். வாசலில் அடையாள அட்டை கேட்கிறார்கள். ஒன்டாரியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். உள்ளே போனால் கைபேசிக் கடை போல வெளிச்சம், துடைத்து வைத்த மேசை, பொறுமையாக விளக்கம் சொல்லும் பையன்கள். கம்பத்துக்காரனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

1923இல் கஞ்சாவைத் தடை செய்த நாடு கனடா. 2001இல் மருத்துவத் தேவைக்கு வழிவிட்டார்கள். 2018 அக்டோபர் 17 முதல் எல்லோருக்கும் சட்டப்படி திறந்துவிட்டார்கள். நாடு முழுவதற்கும் இப்படிச் செய்ததில் உருகுவேக்கு அடுத்தது கனடாதான். பொது இடத்தில் 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. பத்துப் பேர் குடியிருந்தாலும் நாலுதான். கியூபெக் மாகாணமோ வீட்டில் ஒரு செடிகூடக் கூடாது என்று பிடிவாதமாக நின்று, 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தும்விட்டது.

"அண்ணே, நீங்க இதையெல்லாம் புத்தகத்துல படிச்சிக்கிட்டிருக்க வேணாம். பக்கத்து வீட்டு ஐயா கீழ தோட்டமே போட்டிருக்காரு, போய்ப் பாருங்க" என்றாள் தங்கை.

ஐயாவுக்குப் பூர்வீகம் கோண்டாவில். செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்த குடும்பம். எண்பதுகளில் குடிபெயர்ந்தவர். தொழிற்சாலை வேலையில் முதுகு போய்விட்டது. வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவரிடம் கேட்டுக் கடையில் எண்ணெய் வாங்கிப் பார்த்திருக்கிறார். வலி குறைந்ததாகச் சொல்கிறார். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் பயிரில் இறங்கிய காரணம் எனக்கு உடனே புரிந்தது. "தோட்டம் செய்த ஆக்கள் நாங்கள். விளைவிக்கக் கூடின சாமானை எத்தினை நாளைக்குக் காசு குடுத்து வாங்கிறது, தம்பி?"

இரவு ஏழு மணிக்கு மேல்தான் வரச் சொன்னார். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் செடி பகல் குறைவதைப் பார்த்துப் பூப்பது. 18 மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் தழைத்துக்கொண்டே இருக்கும். 12 மணி நேரமாகக் குறைத்து, மீதி 12 மணி நேரம் கும்மிருட்டாக வைத்தால் பூவெடுக்கும். ஒன்டாரியோவில் வார நாட்களில் மின்கட்டணம் குறைவாக இருப்பது மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்! ஆகவே ஐயாவின் செடிகளுக்கு இரவுதான் பகல். நாம் உறங்கும்போது அவை வெயில் காய்கின்றன.

படியிறங்கினால் ஒரு பக்கம் சலவை எந்திரம், அரிசி மூட்டை, பழைய சைக்கிள். மறு பக்கம் அலமாரி அளவில் கறுப்புத் துணிக் கூடாரம். ஜிப்பை இழுத்ததும் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள். மேலே எல்.இ.டி. பலகை. மூலையில் கரி வடிகட்டியோடு ஒரு காற்றாடி; வாடை மேல்மாடிக்கு ஏறாமல் இருப்பதற்கு. அப்படியும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. சாமி அறைக்கு வந்தால் அடுத்த நாளே எல்லாவற்றையும் தூக்கி வீசுவேன் என்று ஐயாவின் வீட்டம்மா நிபந்தனை போட்டிருக்கிறாராம்.

கீழே இரண்டு கறுப்பு வாளிகள், இருபது லிட்டர் கொள்ளக்கூடியவை. மண் என்று ஒரு சிட்டிகைகூட இல்லை. வாளி மூடியில் ஓட்டை போட்டு, அதில் சல்லடைக் கிண்ணம் செருகி, சுட்ட களிமண் உருண்டைகளால் நிரப்பிச் செடியை நிறுத்தியிருந்தார். உருண்டைகள் தாங்கிப் பிடிக்க மட்டும்தான். சோறு முழுக்கத் தண்ணீரில். மீன்தொட்டிக்குப் போடுகிற காற்றுப் பம்பு ஒன்று ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

ஐயா ஒரு மூடியை மெல்லத் தூக்கினார். வேர்! முழங்கை நீளத்துக்கு, நூல்நூலாக, துவைத்துக் காயப்போட்ட வேட்டி வெள்ளையில் தொங்கியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ செடியைப் பிடுங்கி வேர் பார்த்திருக்கிறேன். மண் ஒட்டாத, அறுபடாத, முழு வேரை உயிரோடு பார்த்தது அன்றுதான். செடியை விட்டுவிட்டு வேரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லூரியில் தாவர உடலியல் செய்முறை வகுப்பில் ஹோக்லண்ட் கரைசல் தயாரித்தது நினைவுக்கு வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட சூத்திரம் அது. அதே பல்கலைக்கழகத்தின் கெரிக் அதற்கு முன்பே தொட்டித் தண்ணீரில் தக்காளி வளர்த்துக் காட்டி, இந்த முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பரீட்சைக்காக அந்த உப்புகளை மனப்பாடம் செய்தோம்: கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட். ஐயாவின் அலமாரியில் நின்ற வண்ண வண்ணப் புட்டிகளுக்குள்ளும் ஏறக்குறைய இதுவேதான். லேபிளில் மட்டும் புலியும் மின்னலும்.

"முதல் நாலும் போட்டனான் தம்பி. ரெண்டு செத்துப் போச்சு" என்றார் ஐயா.

ஜூலை மாதம். வெளியே வெக்கை, உள்ளே விளக்குச் சூடு. வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். எவ்வளவு குமிழி விட்டாலும் போதாது. வேர் மூச்சுத் திணறி நிற்கும்போது பித்தியம் என்ற நோய்க்கிருமி வந்து உட்காரும். நம்மூர் நாற்றங்காலில் மிளகாய் நாற்று கழுத்தழுகிச் சாய்வதற்குக் காரணமும் இந்தப் பித்தியம்தான். காலையில் இலை தொங்கியிருக்கிறது. தாகம் என்று நினைத்திருக்கிறார். தண்ணீரிலேயே நிற்கிற செடிக்கு ஏது தாகம்? மூடியைத் திறந்தால் வேர் பழுப்பாகி, வழவழவென்று, சாக்கடை நாற்றம். இரண்டே நாளில் இரண்டும் முடிந்தன. மிச்ச இரண்டைக் காப்பாற்ற வாளிகளைக் குளிர்ந்த சிமென்ட் தரைக்கு இறக்கி, தினமும் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலை உள்ளே போட்டு எடுத்திருக்கிறார்.

அடுத்த தொல்லை அமிலத்தன்மை. பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கிக் காட்டினார், 5.8 என்றது. ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறிவிட்டால் இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தும் செடி எடுத்துக்கொள்ளாது, கொழுந்து வெளுக்கும். "எங்கட கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. அதிலயே புகையிலை என்ன மாதிரி வந்தது! அங்க நான் ஒரு நாளும் உந்தப் பேனையைக் கண்டதில்லை" என்று சிரித்தார்.

நான் சொல்ல நினைத்ததும் அதுதான். ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் விவசாயத்தைச் சுலபமாக்கிய வித்தை என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டி, மொட்டைமாடியில் குழாய் போட்டுக் கீரை வளர்க்கக் கிளம்புகிறார்கள். மண் பொறுமைசாலி. உரம் கூடினால் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் ஒரு நாள் தவறினால் ஈரம் காத்துக் கொடுக்கும், சூட்டை உள்ளே விடாது, நோய்க்கிருமியை எதிர்க்கக் கோடிக்கணக்கில் நுண்ணுயிர் வைத்திருக்கும். இத்தனை வேலையையும் மண் சம்பளம் வாங்காமல் பார்க்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுக்க நம் தலையில். பம்பு ஓர் இரவு நின்றால் போதும். விளைச்சல் சீக்கிரம் வரும், தண்ணீர் மிச்சம், எல்லாம் உண்மை. ஆனால் சுலபம் இல்லை. முதல் முறை செய்கிறவர் மண்ணிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கட்சி.

செடியையும் சொல்ல வேண்டும். இடுப்பு உயரம். புளிச்சக்கீரையை நினைவூட்டும் விரல் விரலான இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். பூ என்று பார்த்தால் பூவே இல்லை. கணுக்கணுவாகப் பச்சைக் கொத்து, அதில் செம்பழுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பைக்குள் இருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். தலையில் குமிழி வைத்த கண்ணாடி ஊசிகள், ஆயிரக்கணக்கில். அந்தக் குமிழிக்குள்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணாடி போல் தெளிவாக இருப்பது பால் போல் கலங்கியதும் அறுவடை. இதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆண் வந்து மகரந்தம் தூவிவிட்டால் பெண் விதை பிடித்துவிடும், பிசின் குறையும். பெண் விதை மட்டும் என்று கடையிலேயே பொட்டலம் விற்கிறார்கள்.

ஒவ்வொரு செடியும் ஒற்றைத் தண்டாக இல்லாமல் சமமாகப் பரந்திருந்ததைக் கேட்டேன். ஐயா கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து நெரித்துக் காட்டினார். "குருத்து முறிச்சு விட்டனான். இது பழகின வேலை." புகையிலையில் குருத்து முறிப்பது சத்து பூவுக்குப் போகாமல் இலைக்குத் திரும்புவதற்காக. இங்கே முறிப்பது கிளை வெடித்துப் பூ கூடுவதற்காக. நோக்கம் நேர்மாறு, விரல் ஒன்றுதான். இணையத்தில் பையன்கள் கத்தரிக்கோலை ஆல்கஹாலில் கழுவி மணிக்கணக்கில் பாடம் நடத்தும் வேலையை இவர் நாற்பது வருடம் கழித்து நகத்தால் செய்திருக்கிறார்.

அதற்குள் அம்மா தேநீரோடு இறங்கி வந்தார். கூடாரத்துக்கு வெளியே தரையில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று வாடி நின்றது. குளிர் தொடங்கிவிட்டதால் உள்ளே எடுத்திருக்கிறார்கள். "பாருங்கோ தம்பி, சமையலுக்கு ஆகிற மரம் இருட்டில. உதுக்கு வெளிச்சம்" என்றார். பகலில் விளக்குப் போட்டால் கூடாரத்துக்குள் கசிந்துவிடும் என்று ஐயா விடுவதில்லை. அறுவடை முடிந்ததும் விளக்கு கறிவேப்பிலைக்கு என்று உடன்பாடு.

சில நாள் கழித்துத் தங்கை மாப்பிள்ளை காரில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் போனோம். 401இல் கிங்ஸ்டன் வரை, அப்புறம் 15ஆம் எண் சாலையில் வடக்கே. இருபக்கமும் மேப்பிள் சிவந்திருந்தது. ரிடோ கால்வாய் ஊரின் நடுவே போகிறது, 1832இல் திறந்தது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர். ஹெர்ஷே சாக்லேட் ஆலையால் பிழைத்த ஊர். 2008இல் ஆலையை மூடிவிட்டார்கள். சில வருடத்தில் அதே கட்டடத்துக்குள் ட்வீட் என்ற கஞ்சா நிறுவனம் வந்தது; கனோப்பி குரோத் என்று வளர்ந்தது. 2018இல் ஒரு மதுபான நிறுவனம் அதில் 500 கோடி கனடிய டாலர் முதலீடு செய்தது. சாக்லேட் ஓடிய இடத்தில் விளக்குக்கு அடியில் ஆயிரக்கணக்கான செடிகள்.

பிறகு நடந்ததை எந்த விவசாயியும் முன்பே சொல்லியிருப்பான். எல்லோரும் ஒரே நேரத்தில் விதைத்தார்கள், விலை விழுந்தது. நம்மூர் சின்ன வெங்காயத்துக்கு நடப்பதுதான். வரி மட்டும் கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. விலை பாதியானாலும் அந்த ஒரு டாலர் அப்படியே நின்றது. 2023 பிப்ரவரியில் 800 பேரை வேலையிலிருந்து எடுப்பதாகவும் இந்த ஆலையை மூடுவதாகவும் கனோப்பி அறிவித்தது. கட்டடத்தை அதே வருடம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஹெர்ஷேவே திரும்ப வாங்கிக்கொண்டது. வாசலில் நின்று பார்த்தோம். பெரிய சாம்பல் நிறக் கட்டடம், அவ்வளவுதான். படம் எடுக்கக்கூட ஒன்றுமில்லை. தெருவின் பெயர் இத்தனை காலமும் ஹெர்ஷே டிரைவாகவே இருந்திருக்கிறது.

மலையில் ஒளித்து வளர்த்தபோது அந்தப் பயிருக்கு இருந்த மவுசு, மின்கட்டணமும் வரியும் கட்டி வளர்க்கும்போது இல்லை. சட்டம் அதை ஒழிக்கவில்லை, சாதாரணமாக்கிவிட்டது. நல்லதா கெட்டதா என்றால், கெடுதல் குறைவு என்பேன், வளர்ந்தவர்கள் வரைக்கும். பிள்ளைகளிடம் இருந்து அதைத் தள்ளி வைக்க அந்தக் கண்ணாடித்தாள் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

கனடாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒன்று. அங்கே சட்டப்படி வாங்கியது, சட்டப்படி வளர்த்தது, மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்று எதுவானாலும் நாட்டின் எல்லையைத் தாண்டி எடுத்துப் போவது அங்கேயே குற்றம். பக்கத்தில் நியூயார்க் மாநிலத்திலும் அது சட்டப்படி கிடைக்கிறதே என்று நயாகராவில் பாலம் தாண்டினாலும் குற்றம்தான். இங்கே இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவில் நாலு செடிக்குக் கணக்கே இல்லை. ஒரு செடி வளர்த்தாலும் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.