மழை நாளில் உங்கள் கதவை யார் தட்டுவார்கள்?

ஐப்பசி பிறந்துவிட்டால் பிள்ளைப்பாக்கம் பக்கம் இரண்டு கேள்விகள் காதில் விழும். "ஏரி எவ்வளவு நிறைஞ்சிருக்கு?" என்பது ஒன்று. "நாளைக்கு கம்பெனி பஸ் வருமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்வியைக் கேட்பவர்கள் ஊர்க்காரர்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் ஷிஃப்ட் வேலைக்காக வந்து, வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள்.

ஒரே தெரு, ஒரே மழைதான். ஆனால் வெள்ளம் வந்தால் இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடுவார்களா?

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாற்றில் திறந்துவிடுவார்கள். 2015 டிசம்பர் 1-ம் தேதி காலை தொடங்கி 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேற்றப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நாள்களைப் பற்றிப் பேசும்போது பலரும் மறக்காமல் சொல்லும் இன்னொரு விஷயம், யார் வந்தார்கள் என்பது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக ஓட்டினார்கள். பள்ளிவாசல்கள் எல்லா மதத்தினருக்கும் திறந்துவிடப்பட்டன. தண்ணீர் வடிந்ததும் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களில் படிந்திருந்த சேற்றை அள்ளிச் சுத்தம் செய்தார்கள். ஊரப்பாக்கத்தில் நிறைமாத கர்ப்பிணி ஒருவரைப் படகில் மீட்டார் ஓர் இஸ்லாமிய இளைஞர். சில நாள்களில் பெண் குழந்தை பிறந்தது. அந்த இந்துத் தம்பதி, காப்பாற்றியவரின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள்.

அண்டா ஏற்கெனவே இருந்தது

2023 டிசம்பர் 17. தென்மாவட்டங்களில் பேய்மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் போகும் வழியில் ஜல்லி அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் இரண்டு இரவுகள் கடந்துவிட்டன.

நிலையத்தில் சிக்கியவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது. வீட்டில் இருந்த அரிசியைச் சேர்த்து, அம்மன் கோயிலில் சமைத்துக் கொடுத்தார்கள்.

அத்தனை பேருக்கு அவ்வளவு சீக்கிரம் எப்படிச் சமைக்க முடிந்தது? அந்தப் பக்கத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் கொடைவிழா நடக்கும். ஊரே கூடிச் சமைத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அப்படிப் பழகிய ஊருக்கு பெரிய அண்டா எங்கே இருக்கும், அடுப்பை எப்படிக் கூட்டுவது, எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிவாசலிலும் அப்படித்தான். ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைகளுக்கு நூறு பேர் என்பது மலைப்பான கணக்கு இல்லை. மீனவர்களிடம் படகும் இருந்தது, தண்ணீரைப் பற்றிய அறிவும் இருந்தது.

மழை நாளில் நாம் பார்க்கும் உதவி அன்றைக்குத் திடீரென்று முளைப்பதில்லை. சாதாரண நாள்களில் சேர்ந்து செய்த வேலைதான் அன்றைக்குக் கைகொடுக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ம் தேதி தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. பசியோடு வருபவர் எந்த நாளில் வருவார் என்று தெரியாது. அதனால் அடுப்பு எப்போதும் தயாராக இருக்கிறது.

ராமானுஜர் பிறந்த ஊர்

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்தான் ராமானுஜர் அவதரித்த தலம். அங்கே தொண்டுக்குக் 'கைங்கர்யம்' என்று பெயர். பெருமாளுக்குச் செய்வது மட்டுமல்ல, அடியார்களுக்குச் செய்வதும் கைங்கர்யம்தான். ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தை ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோயிலில் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னதாகக் கதை. நமக்குக் கிடைத்தது அடுத்தவருக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

இன்று அதே மண்ணில் கார், பைக், டயர், செல்போன் என்று எல்லாம் தயாராகின்றன. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. இதுதவிர ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், திருநெல்வேலியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்தவர்கள் என லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள் ஏராளம்.

இங்கே அண்டாவுக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் கேன்டீன்கள் இருக்கின்றன. பஸ்கள் இருக்கின்றன. குறைவது பழக்கம்தான். ஒருவர் இரவு ஷிஃப்ட், அடுத்த அறைக்காரர் பகல் ஷிஃப்ட். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது.

இப்படி நினைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடித்து, காலையில் வந்து தூங்குகிறார் ஓர் இளைஞர். போனில் சார்ஜ் இல்லை. கரன்ட் போய்விட்டது. மழை எச்சரிக்கையைத் தெருவில் தமிழில் அறிவித்துக்கொண்டு போகிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர் வாசற்படியைத் தொடும்போது அவர் கதவைத் தட்டுவதற்கு, அந்த அறையில் ஒருவர் தூங்குகிறார் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய அமைப்பு எதுவும் தேவையில்லை. வீட்டுக்காரர் தன் வாடகைதாரர்கள் எல்லோருடைய பெயர், ஷிஃப்ட், ஊரில் இருக்கும் உறவினரின் நம்பர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை எல்லோருக்கும் சொல்லி வைக்கலாம். மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டிவிடலாம். இந்தி தெரிந்த ஒருவரை வைத்து மழை எச்சரிக்கையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்.

தெருவில் யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு டயாலிசிஸ், யார் இன்சுலின் போடுகிறார்கள், எந்தப் பாட்டியால் மாடிப்படி ஏற முடியாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) இரண்டையும் போனில் பதிந்து வைப்பது நல்லது. இழுத்து ஓடும் தண்ணீரில் இறங்கி வீரம் காட்ட வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பொங்கலுக்கோ ஆடிக் கூழுக்கோ பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். பெயர் தெரிந்துவிடும். அடுத்த கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது, அந்தப் பெயரைச் சொல்லி அவர் கதவைத் தட்டலாம். உங்கள் கதவையும் அவர் தட்டுவார்.