ஏழாம் வாரமும் ஏழாம் மாதமும்

தாய்மையைப் போற்றுவதில் தமிழர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். கருவுற்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. கை நிறைய வளையல், வகைவகையான கலந்த சாதம், உறவினர் கூடி வாழ்த்து. இவ்வளவு அன்பு காட்டும் நாமே, பிறந்த குழந்தைக்கு ஒரு குறை இருந்துவிட்டால் அதே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு மேலுதடு பிளந்த நிலையில் ஆண் குழந்தை பிறந்தது. "கிரகணத்தன்று அரிவாள்மணையில் காய் நறுக்கினாள், வேறென்ன?" என்று மாமியார் தீர்ப்புக் கூறிவிட்டார். தெருவும் தலையாட்டியது. அதன்பின் எந்த வளைகாப்புக்கும் அந்த அக்காவை யாரும் அழைப்பதில்லை. சில மாதங்களில் மருத்துவர்கள் அறுவை செய்து குழந்தையின் உதட்டைச் சேர்த்துவிட்டார்கள். பழி மட்டும் இன்னும் ஆறவில்லை.

விலங்கியல் வகுப்பில் கருவளர்ச்சியைப் படித்தபோது அந்த அக்காவின் முகமே என் கண்முன் நின்றது. கரு உருவான 28 நாட்களுக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. மேலுதடு ஏழாம் வாரத்திற்குள் இணைந்துவிடுகிறது. எட்டு வாரம் முடிவதற்குள் இதயமும் கைகால்களும் வடிவம் பெற்றுவிடுகின்றன. கிரகணம் வந்ததோ அக்காவின் ஏழாம் மாதத்தில்! ஏழாம் வாரத்தில் முடிந்துபோன வேலையை ஏழாம் மாதத்து நிழல் எப்படிக் கெடுக்கும்?

அப்படியானால் குறைகள் எதனால் வருகின்றன? பலவற்றுக்குக் காரணம் இன்றும் தெளிவாகவில்லை, மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆயினும் ஐயமறத் தெரிந்தவை சில உண்டு. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுள்ள 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 68 பேரின் தாய்மார் கருவுற்ற காலத்தில், பெரும்பாலும் தொடக்க மாதங்களில், ரூபெல்லா என்னும் அம்மை கண்டவர்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கு நல்லது என்று நம்பித் தாய்மார் அதை விழுங்கினர். 1961-இல் அங்கே அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள், பலர் கைகால் குறுகிப் பிறந்து, பாதிக்கப்பட்டனர். அந்தத் தாய்மார் செய்த குற்றம்தான் என்ன?

தீங்கு முந்திக்கொள்வதால் காப்பும் முந்திக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முன்பு நரம்புக்குழல் குறையுள்ள குழந்தையைக் கருவுற்ற பெண்கள், அடுத்த முறை கருவுறும் முன்பே ஃபோலிக் அமிலம் உண்ணத் தொடங்கினர். அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017-இல் தமிழகமெங்கும் நடந்த முகாமில் நம்மில் பலர் பள்ளியிலேயே அதைப் போட்டுக்கொண்டோம். நீரிழிவு உள்ள பெண் கருவுறும் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் குழந்தையின் இதயக் குறைக்கான வாய்ப்புக் குறைகிறது. புகையிலைப் புகை உதட்டுப் பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. கணவன் வீட்டுக்குள் ஊதும் புகையும் மனைவியின் மூச்சில்தானே கலக்கிறது!

நண்பர்களே! வளைகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்பு ஏழாம் மாதம்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கருவுற்றது உறுதியாகும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே திருமணம் பேசும் வீட்டில் நகைக் கணக்கோடு பெண்ணின் இரத்தசோகையையும் கணக்கில் எடுப்போம். மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் கடையில் வாங்கித் தராதிருப்போம். நாளை நாம் கணவராவோம், மனைவியாவோம். ஒருநாள் மாமனார் மாமியாரும் ஆவோம். அன்று குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், "நீ என்ன செய்தாய்?" என்று தாயைக் கேட்காமல், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போமாக!