கேட்காமலே சொல்லப்படும் 'வேண்டாம்'

சர்க்கரை நோய்க்கான புது மருந்தைச் சோதிக்க ஆள் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டலாம். நாலு பேராவது வந்து விசாரிப்பார்கள். சைக்கோசிஸ் என்றால்? இல்லாத குரல் காதில் கேட்கிறவர், யாரோ தன்னை வேவு பார்ப்பதாக நம்புகிறவர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வருவது அபூர்வம். அதனால் ஆய்வாளர்கள் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமோ நர்ஸிடமோதான் போய் நிற்கிறார்கள், யாரையாவது அனுப்புங்கள் என்று.

பல நேரம் யாரும் வருவதில்லை. ஏன் என்று இங்கிலாந்தில் மனநலப் பணியாளர்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. வேலைப்பளு ஒரு காரணம். இன்னொன்று பரிவு. இப்போதுதான் தேறி வருகிறார், அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? பாடுபட்டுச் சம்பாதித்த நம்பிக்கை போய்விட்டால்?

இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆய்வில் சேருகிறவர் அதைத் தனக்கென்றே தீர்மானித்த சிகிச்சை என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்தை அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் அவரது குழுவினரும் 1980களிலேயே சுட்டிக்காட்டினார்கள். வைத்தியம் பார்ப்பவரே கேட்டால் 'முடியாது' என்று சொல்வதும் கஷ்டம்.

ஆனால் நோயாளிக்குப் புரியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டலாமா? வில்லியம் கார்பென்டர் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்கள் ஒப்புதல் விவரங்களைப் புரிந்துகொள்வதில் முதலில் மற்றவர்களைவிடப் பின்தங்கித்தான் இருந்தார்கள். பொறுமையாக விளக்கிச் சொன்ன பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. குறை விளக்கியவர்களிடமும் இருக்கலாம், இல்லையா?

இன்னொரு நஷ்டமும் உண்டு. தணிக்கைக்கு வந்தவரிடம் சுத்தமான வவுச்சர்களை மட்டும் எடுத்து நீட்டினால் அந்தத் தணிக்கை எதற்கு? சாதுவான, சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிற நோயாளிகளை மட்டும் அனுப்பினாலும் அதே கதைதான். யாருக்கு உதவி அதிகம் தேவையோ, அவர் கணக்கில் வரவே மாட்டார்.

கேட்டதால் கிடைத்த லாபத்துக்குச் சென்னையே சாட்சி. 1981-82ல் இங்கே முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சேர்த்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். இந்த நோய் வந்தால் வாழ்க்கையே முடிந்தது என்ற பேச்சுக்கு மாறாக, பலர் தேறியதை அந்த 'மெட்ராஸ் ஆய்வு' காட்டியது. அந்த 90 பேரை யாரும் அணுகாமலே விட்டிருந்தால்?

தெற்கு லண்டனின் மாட்ஸ்லி மனநல அமைப்பு ஒரு வழி கண்டது. ஆய்வுகள் பற்றி ஆய்வாளர்கள் உங்களை நேரடியாகத் தொடர்புகொள்ளலாமா என்று நோயாளியிடமே கேட்டு, அவர் பதிலைப் பதிந்து வைக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் டாக்டர் வாசலில் நின்று ஆள் பொறுக்க வேண்டியதில்லை.

இன்று அவருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் கேளுங்கள் என்று டாக்டர் சொல்லலாம். அது அக்கறை. கேட்கவே வேண்டாம் என்பது வேறு. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் நோயாளியுடையதுதான். அதை அவருக்காக இன்னொருவர் சொல்லிவிடக் கூடாது.