கண்டி மண்ணுக்குள் ஓர் அமானிதம்

 

கண்டிக்கு வருபவர்கள் வாவியைச் சுற்றி நடப்பார்கள். பேராதனைப் பூங்காவில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பார்கள். கடைத்தெருவில் துணிமணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இம்முறை நான் உங்களைக் கண்டிக்கு அழைப்பது கண்ணுக்கு முன்னால் உள்ளதைப் பார்ப்பதற்கல்ல. காலுக்குக் கீழே உள்ளதைச் சிந்திப்பதற்கு.

காரணம் ஒரு செப்புக் காசு.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் சில வருடம் உழைத்துவிட்டு வந்து, கட்டுகஸ்தோட்டைக்கு அருகில் வீடு கட்டுகிறார். அத்திவாரம் வெட்டும்போது அந்தக் காசு அகப்பட்டது. ஒருபுறம் இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர்; மறுபுறம் யானை; 1815 என்ற ஆண்டு. பிரித்தானியர் இலங்கைக்கென அடித்த ஸ்டைவர் காசு அது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வந்திருந்தார்.

"ஹஸரத், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மெஷின் ஒன்றை அனுப்பித் தருவதாக ஒரு கூட்டாளி சொல்கிறார். சுபஹுக்குப் பிறகு பூங்காவில் ஆள் நடமாட்டம் குறைவு. வீட்டு வேலை பாதியில் நிற்கிறது. உம்மாவின் நகையும் அடகில். தேடிக் கிடைப்பது ஹலாலாகுமா?"

கிதாபை விரித்து ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடன்பட்டவரின் கேள்விக்கு ஒற்றை வார்த்தைப் பதில் போதாது. "அஸர் தொழுதுவிட்டு வாருங்கள் மகன், நடந்துகொண்டே பேசுவோம்" என்றேன்.

முதலில் வாவிக்கு மேலே மேட்டில் இருக்கும் வேஸ் பூங்காவுக்கு ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் வாவி முழுவதும் தெரியும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னர் 1807இல் வயல் நிலத்தை மறித்து அணை கட்டத் தொடங்கிய நீர் அது. பூங்காவில் ஒரு பழைய ஜப்பானியப் பீரங்கி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் கைப்பற்றப்பட்டது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டு வந்தார்.

"உங்கள் மெஷினை இங்கே வைத்தால் என்ன சத்தம் வரும்?" என்று கேட்டேன். அந்தக் கருவியின் அடியில் உள்ள கம்பிச் சுருள் காந்தப் புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி, கருவி கூவுகிறது. அது தங்கத்துக்கும் கூவும். சோடா மூடிக்கும் கூவும். துருப்பிடித்த ஆணிக்கும் கூவும். மனிதன் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு குழி தோண்டுவான். நூறு குழிக்குப் பிறகு பூங்கா பூங்காவாக இராது.

அங்கிருந்து கண்ணை உயர்த்தினால் உடவத்தகெலே வனம். அங்குள்ள குளத்தில் அரசரின் புதையல் இருக்கிறதென்றும், சிவந்த கண்ணுடைய நாகம் அதைக் காக்கிறதென்றும் ஊரார் சொல்வார்கள். இப்படிப்பட்ட கதைகளை நம்பித்தான் நம் நாட்டில் புதையல் தோண்டும் பைத்தியம் பிடிக்கிறது. மை போட்டுப் பார்ப்பவனுக்குப் பணம் கொடுப்பதும், கோழியைப் பலி கொடுத்து இரத்தம் தெளிப்பதும், நள்ளிரவில் பொலிஸில் பிடிபடுவதும் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்திகள். சகோதரர்களே! அல்லாஹ் அல்லாதவற்றுக்குப் பலியிட்டு எடுக்கும் பொன், பொன் அல்ல. ஈமானை விற்ற விலை.

பிறகு இறங்கி, தலதா மாளிகைப் பக்கமாக மகுல் மடுவ மண்டபத்தை நோக்கி நடந்தோம். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடைசிச் சிங்கள இராச்சியம் பிரித்தானியர் வசமானது இங்கேதான். இந்த நாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளையே தொல்பொருள் என்கிறது. அதைத் தேடித் தோண்டுவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். சொந்தக் காணியானாலும் சரி. தற்செயலாக அகப்பட்டால் அறிவிக்க வேண்டும்.

மாணவர் சட்டென்று காசை வெளியே எடுத்தார். "இதில் 1815 என்றுதானே இருக்கிறது ஹஸரத்? மார்ச்சுக்கு முன்னதா, பின்னதா?"

நல்ல கேள்வி! காசில் ஆண்டு உண்டு, நாள் இல்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியவர்கள் தொல்பொருள் திணைக்களத்தார். "சந்தேகத்தை நமக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொள்வது பேணுதல் அல்ல, மகன்" என்றேன்.

ஆனால் நான் அவருக்குச் சொல்ல நினைத்தது சட்டத்தை மட்டுமல்ல. கண்டி இராச்சியத்தில் 'ரிதி' என்றொரு வெள்ளிக் காசு புழங்கியது. வட்டமாக இராது, வெள்ளிக் கம்பியைத் தூண்டில் முள் போல வளைத்தது. பாரசீகத்தின் லார் என்ற ஊரின் பெயரால் 'லாரின்' என்று அழைக்கப்பட்டு, வளைகுடாத் துறைமுகங்களிலும் மாலைதீவிலும் செலாவணியான காசின் வழி வந்தது அது. 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளியில் சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார்களாம். தூய வெண்மையாக வந்தால்தான் செல்லுமாம்.

பாரசீகக் கரையின் காசு மலைநாட்டுக்கு எப்படி ஏறியது? கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி வந்து, பாக்கும் மிளகும் கொண்டு இறங்கிய தவள மாடுகளின் மணியோசையைக் கேளுங்கள். அந்த மாடுகளை ஓட்டியவர்களில் நம் முன்னோர் பலர். 'மடிகே' என்ற அரசரின் போக்குவரத்துப் பிரிவில் அவர்கள் சேவை செய்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் தம் பகுதிகளிலிருந்து விரட்டியபோது, செனரத் மன்னர் அவர்களுக்குத் தம் இராச்சியத்தில் இடம் கொடுத்தார்.

அந்தத் தவளக்காரர்கள் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. அவர்கள் கைதவறிப் போட்ட காசும், உடைந்த சட்டியும், அவை கிடக்கும் மண்ணின் ஆழமுமே அவர்களுடைய ஏடு. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால் காசு பேசும். அவசரமாகத் தோண்டி, புளி போட்டுத் தேய்த்து, கடைக்காரனிடம் விற்றால் அது ஊமையாகிவிடும். ஏட்டிலிருந்து எழுத்தைப் பிடுங்கி விற்றவனுக்குப் பிறகு, 'நாங்கள் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள்' என்று சொல்ல எதைக் காட்டுவது?

சூரா அல்கஹ்பை ஒவ்வொரு வெள்ளியும் ஓதுகிறோம். குகைத் தோழர்கள் உணவு வாங்க ஒருவரை அனுப்பியபோது அவர் கையில் இருந்தது வெள்ளிக் காசு. அந்தப் பழங்காசே அவர்களுடைய காலத்தை ஊராருக்குக் காட்டிக் கொடுத்தது என்று தப்ஸீர்களில் படிக்கிறோம். அதே சூராவில், இடிய இருந்த சுவரை ஹிள்ர் (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தியதும் வருகிறது. அதன் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் பருவம் அடையும்வரை அது மறைந்திருக்க வேண்டியிருந்தது. நமக்குப் பின்னால் வரும் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுடைய சுவரை நாம் இடிக்கலாமா?

இனி பிக்ஹுக்கு வருவோம். நம் ஷாபிஈ மத்ஹபில், இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தவர் புதைத்தது ரிகாஸ். உரிய நிபந்தனைகளோடு ஐந்தில் ஒரு பங்கு ஸகாத். ஆனால் அது பிறருக்குச் சொந்தமான நிலத்தில் எடுக்கப்பட்டால் நிலத்தாருக்குரியது. பாதையிலும் பள்ளிவாசலிலும் கிடைப்பது லுகதா. ஒரு வருடம் அறிவிக்க வேண்டிய பிறர் பொருள். பொதுமக்களின் பூங்கா உங்கள் காணியுமல்ல, என் காணியுமல்ல. நாட்டின் சட்டமும் நாம் ஏற்று வாழும் உடன்படிக்கை.

மெஷினையே நான் ஹராம் என்று சொல்லவில்லை. 1992இல் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லோஸ் என்பவர். கருவி கூவியது, ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் தென்பட்டன. அவர் தோண்டுவதை நிறுத்தி, அறிவித்தார். அறிஞர்கள் வந்து முறையாக எடுத்ததில் 14,000க்கும் அதிகமான காசுகள்! நிறுத்தத் தெரிந்ததால் அந்த நாட்டின் வரலாறு தப்பியது. அரசு கொடுத்த வெகுமதியை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது.

மஃரிப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வெளியே வந்த மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாவின் நகையை மீட்க வேறு வழி பார்க்கிறேன் ஹஸரத்" என்றார். மெஷின் அனுப்ப வேண்டாம் என்று கூட்டாளிக்கு அன்றிரவே சொல்லிவிட்டார். காசை எடுத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்து, அடுத்த வாரம் திணைக்களத்தாரிடம் இருவருமாகப் போய்க் கொடுத்தோம். வீட்டு வேலைக்கு எங்கள் மஹல்லாவில் சிலர் சேர்ந்து கடன் கொடுத்திருக்கிறோம். வட்டியில்லாமல்தான்.

வாசகர்களே! கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் பழங்காசுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கண்டிக்கு வந்தால் மெதுவாக நடங்கள். உங்கள் காலுக்குக் கீழே உறங்குவது உங்கள் பாட்டனாரின் காசாக இருக்கலாம்.

அமானிதத்தைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.