இருநூறு வருஷ வீடு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு நெசவாளர் வீடு விலைக்கு வந்திருந்தது. "இருநூறு வருஷ வீடு சார், எல்லாம் பர்மாத் தேக்கு" என்றார் தரகர். விலையை மட்டும் மனைக்குத்தான் சொன்னார். மரத்தை இடிக்கிறவர் எடுத்துக்கொள்வாராம். வாங்கும் வசதி எனக்கில்லை. ஆனால் அந்த இருநூறு உறுத்தியது.

கணினியில் எடுத்த வில்லங்கச் சான்று 1975-ஐத் தாண்டிப் பின்னால் போகவில்லை. அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல்களுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நகல்களைவிட, வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த தாய்ப்பத்திரம் அதிகம் பேசியது. அதில் இருப்பது 'கூரை வீடு'. அடுத்த தலைமுறையின் பாகப்பிரிவினையில், அதே நான்கெல்லைக்குள், 'நாட்டு ஓட்டு வில்லை வீடு'. ஆக, இன்று நாம் பார்க்கும் ஓடும் உத்தரமும் பிறகு வந்தவை.

தூண்கள்? ஒரு ஆசாரியை அழைத்துப் போனேன். கைமரம் பனை, தூண் தேக்குதான் என்றார். ஒரு தூணில் இடுப்புயரத்தில் மரத்துண்டு வைத்து அடைத்திருந்த சதுரத் துளையை விரலால் நிரடினார். "இந்த எடத்துல எந்தச் சட்டமும் வந்து சேர வேலையே இல்லீங்க. இது வேற வீட்டுத் தூணு."

இதில் அதிசயமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான்கள் கடைகடையாக விற்கின்றன. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் கேரள வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். காஞ்சி நெசவாளர் வீடு ஒன்றும் அங்கே உண்டு.

ஆசாரி நூல் பிடித்து அளந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கூடத்தின் நான்கு தூண்களில் ஒன்று மட்டும் வரிசை விலகி ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அதன் பக்கத்தில்தான் தறிக்குழி, நெய்பவர் காலை இறக்கி மிதி மிதிக்கும் பள்ளம். அவர் உட்கார்ந்த விளிம்பு எண்ணெய் தடவியதுபோல் வழவழத்திருக்கிறது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும்; துணைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தூண் வரிசையில் நின்றிருந்தால் அந்த ஆளுக்கு இடமில்லை. குழி முதலில், தூண் பிறகு. கூரை வீட்டுக் காலத்திலிருந்தே தறி அசையவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

"தறி போக மிச்ச எடத்துலதான் எல்லாரும் படுத்தோம்" என்றார் எதிர்வீட்டுப் பாட்டி, அதில் என்ன ஆராய்ச்சி என்பதுபோல. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்த வீட்டுக்கு மனை விலைதான்.

கண்டதைத் தரகரிடம் சொன்னேன். குழியை ரப்பீஸ் போட்டு மூடப் போவதாகச் சொன்னார்; வீட்டுக்குள் பள்ளம் இருந்தால் வாஸ்து பார்ப்பவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்களாம்.

"தூண் வேற வீட்டுதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றார்.